ஜிலேபிக் கெண்டையின் முதல் இருபது நாள்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஏரிகளில் தண்ணீர் கரையை விட்டு உள்ளே போய்விடும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கிடந்த இடமெல்லாம் முதலில் சேறாகும், பிறகு வெடித்துக் காய்ந்து ஆடு மேயும் தரையாகும். அந்த நேரத்தில் ஏரிக்குள் இறங்கி நடந்தால் சில இடங்களில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். பெரியது ஒரு முழ அகலம் இருக்கும். ஆழம் ஒரு சாண்கூட வராது. விளிம்பு மழுங்கியும் அடி வழவழப்பாகவும் இருக்கும். ஒன்றோடொன்று முட்டாமல், ஆனால் அடுத்தடுத்து நெருக்கமாக அமைந்திருக்கும். கன்று நடுவதற்காக யாரோ தோண்டிப் போட்டுவிட்டுப் போனார்கள் என்றுதான் புதிதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். தோண்டியது கையளவு மீன். அதற்கு மண்வெட்டி, கூடை எல்லாமே வாய்தான்.

அந்த மீன் நம் சந்தைகளில் ஜிலேபி என்றும் ஜிலேபிக் கெண்டை என்றும் விற்கிறது. மொசாம்பிக் திலேப்பியா என்பது புத்தகப் பெயர். தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் வாழ்ந்த இனம். சாப்பிடுகிறவர்கள் அதன் விலையையும் முள்ளையும் பற்றிப் பேசுவார்கள். மீன்வளம் தெரிந்தவர்கள் அது நாட்டு மீன்களுக்குச் செய்த கேட்டைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் இந்த மீனின் நேர்த்தி அத்தனையும் அதன் முதல் இருபது நாளில் அடங்கியிருக்கிறது. அந்த நாட்களை நிதானமாகப் பார்க்கிறவருக்கு வியப்பும் வரும். எத்தனை வலை போட்டாலும் ஏன் இது ஏரியை விட்டுப் போவதில்லை என்பதும் சேர்ந்தே விளங்கும்.

குழியிலிருந்து தொடங்குவோம். தோண்டுவது ஆண். தலைகீழாகச் சாய்ந்து ஒரு வாய் மண்ணை அள்ளி, கொஞ்ச தூரம் நீந்திப் போய்த் துப்பிவிட்டு, மறுபடியும் அதே இடத்துக்கு வந்து அள்ளும். ஒரே திட்டில் பல ஆண்கள் சேர்ந்து தோண்டுவதால்தான் குழிகள் கூட்டமாகக் காணப்படுகின்றன. தன் குழியின் எல்லைக்குள் பக்கத்துக் குழிக்காரன் வந்தால் விடாது. வாயோடு வாய் மோதித் துரத்தும். அந்தக் காலத்தில் ஆணின் நிறமே வேறு. மற்ற நாளில் சாம்பலும் பாசியும் கலந்த மங்கல் உடம்பு கரிக்கறுப்பாகிவிடும். கீழ்த்தாடையும் தொண்டையும் வெளுத்துவிடும். முதுகுத் துடுப்பின் ஓரத்திலும் வாலின் ஓரத்திலும் சிவப்பு ஏறும். கலங்கல் தண்ணீரில் உடம்பு தெரியாது; வெளுத்த தொண்டையும் சிவந்த ஓரமும் மட்டும் தெரியும். பெண்ணுக்கு அது போதும்.

பெண் வந்து குழியில் இறங்கும். இருவரும் ஒருவரை ஒருவர் சுற்றுவார்கள். பெண் ஒரு சிறு தொகுதி முட்டையைத் தரையில் இடும். இட்ட வேகத்தில் திரும்பி, சில நொடிக்குள் அத்தனையையும் வாயில் எடுத்துக்கொள்ளும். ஆண் பாய்ச்சும் விந்து குழியிலும் படும். ஆணின் அடிவயிற்றருகே பெண் வாயைக் கொண்டுபோவதால் வாய்க்குள்ளும் சேரும். மறுபடி இன்னொரு தொகுதி, மறுபடி திரும்பி எடுத்தல். இப்படி எல்லா முட்டையும் வாய்க்குள் போனதும் பெண் கிளம்பிவிடும். ஆணின் பங்கு அத்தோடு முடிந்தது. அது குழியில் நின்றபடி அடுத்த பெண்ணை எதிர்பார்க்கும். அத்தனை பாடுபட்டுத் தோண்டிய குழியில் முட்டை தங்குவது சில நொடிதான். குஞ்சு வளரும் இடம் வேறு.

முட்டையைப் பார்க்க வேண்டும். நீள்வட்டமாக, ஒரு முனை சற்றே குறுகி, மங்கிய மஞ்சள் நிறத்தில் இருக்கும். நீளம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். கடுகை விடப் பெரியது, பச்சைப் பயறை விடச் சிறியது. உள்ளே கிட்டத்தட்ட முழுவதும் கரு உணவுதான். இதன் அருமை தெரிய ரோகு முட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ரோகு முட்டை தண்ணீரில் விழுந்ததும் உப்பி ஜிலேபி முட்டையை விடப் பெரிதாகத் தெரியும். ஆனால் உப்பியதெல்லாம் தண்ணீர். நடுவில் இருக்கும் உணவு கொஞ்சம். ஒரு நாளுக்குள் பொரித்து, மூன்று நாளுக்குள் கையிருப்பு தீர்ந்து, கண்ணுக்குத் தெரியாத இரையைத் தானே தேட வேண்டிய நிலைக்கு ரோகுக் குஞ்சு வந்துவிடும். தாய் எங்கோ போயிருக்கும். அதனால்தான் ரோகுவும் கட்லாவும் லட்சக்கணக்கில் முட்டை இடுகின்றன. ஜிலேபி இடுவது சில நூறு. சின்னத் தாய்க்கு நூறுக்குச் சற்று முன்பின், பெரிய தாய்க்கு ஆயிரத்தைத் தாண்டலாம். அந்தச் சில நூறுக்கும் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, கூடவே வீட்டையும் கொடுக்கிறது தாய்.

வீடு என்றது வாயைத்தான். முட்டை சுமக்கும் தாயைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. தொண்டைக்கு அடியில் தோல் பை தொங்கிப் புடைத்திருக்கும். வாய் இறுக மூடியிருக்கும். கூட்டத்தை விட்டு ஒதுங்கி நீர்த்தாவரங்களின் மறைவில் நிற்கும். கவனித்துப் பார்த்தால் எதையோ மெல்லுகிற மாதிரி தாடை அசையும். அது மெல்லுவதில்லை, முட்டைகளைப் புரட்டுகிறது. அடியில் உள்ளது மேலே வர, மேலே உள்ளது அடியில் போக, ஒவ்வொன்றின் மேலும் புதுத் தண்ணீர் பட வேண்டும். அசையாமல் ஓரிடத்தில் கிடந்த முட்டையில் பூஞ்சை பிடித்துவிடும். செவுளுக்காக உள்ளே வரும் தண்ணீரே முட்டைக்கும் உயிர்க்காற்று கொடுக்கிறது. இந்த வேலை நடக்கும் நாளெல்லாம் தாய்க்குப் பட்டினிதான். இரை எடுத்தால் முட்டையும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்விடும். ஆகவே எடை குறைந்து, வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிகிற மீனாக அது மாறும்.

உள்ளே நடப்பதை ஆய்வகத்தில் முட்டையை வெளியே எடுத்து, குலுங்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடிக் குடுவையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 28 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டில், முதல் நாளில் மஞ்சள் கருவின் ஒரு முனையில் உயிரணுக்கள் பிரிந்து தொப்பியாகக் குவியும். அது விரிந்து கருவைப் போர்த்திக்கொண்டு இறங்கும். அடுத்து நடுவில் ஒரு கோடு தெரியும், அதுதான் முதுகு. மூன்றாம் நாளுக்குள் இதயம் துடிப்பதை உருப்பெருக்கியில் தெளிவாகக் காணலாம். சிவந்த இரத்தம் கருவின் மேல் கிளை விட்டு ஓடும். கண்ணில் கறுப்பு இறங்கும். அதுவரை தெளிவில்லாமல் இருந்த ஒன்றுக்கு முகம் வந்துவிடும். கருவின் தோலில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் நட்சத்திர வடிவில் விரியும். வால் ஓட்டுக்குள் துள்ளும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஓடு கரைந்து கிழிய, குஞ்சு வெளியே வரும்.

வெளியே வந்ததை மீன் என்று சொல்ல முதலில் மனம் ஒப்பாது. முன்னால் பெரிய மஞ்சள் உருண்டை. அதன் மேல் ஒட்டிய இரண்டு கண். பின்னால் கண்ணாடித் தெளிவான ஒரு வால். உருண்டையின் பாரத்தில் ஒருக்களித்துக் கிடக்கும். வால் மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். வாய் இன்னும் திறக்கவில்லை. செவுள் இன்னும் முழு வேலைக்கு வரவில்லை. அதனால் கரு உணவுப் பையின் மேல் பரவிய இரத்தக் குழாய்களும் மெல்லிய தோலுமே மூச்சுக்கு உதவுகின்றன.

அந்தத் தோலில் இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கிறது. உடம்பின் உப்பைச் சமப்படுத்தும் வேலை வளர்ந்த மீனில் செவுளுடையது. செவுள் தயாராகாத குஞ்சில் அந்த வேலைக்கென்றே தனி உயிரணுக்கள் கரு உணவுப் பையின் தோலில் அமைந்திருக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் நன்னீரில் இருந்த கருக்களைக் கடல்நீருக்கு மாற்றி, இதே உயிரணுக்கள் பருத்து, உப்பை வெளியே தள்ளும் வகைக்கு மாறுவதைப் படிப்படியாகக் கண்டார்கள். மழைக்காலத்து நன்னீரானாலும், கோடையில் வற்றி உப்பேறிய தண்ணீரானாலும், கழிமுகத்து உவர்நீரானாலும் இந்த இனம் தாங்குகிறதே, அந்தத் திறமை செவுள் முளைப்பதற்கு முன்பே கருவின் தோலில் எழுதப்பட்டுவிட்டது. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு முன்யோசனை.

நுட்பம் அதோடு முடியவில்லை. மீனின் காதுக்குள் சுண்ணாம்பாலான சிறு கல் உண்டு. குஞ்சு வளர வளர அந்தக் கல்லில் படலம் மேல் படலமாகச் சேரும். இரவும் பகலும் மாறி மாறி வரும் ஒழுங்குக்கு ஏற்ப, நாளுக்கு ஒரு வளையம் விழுகிறது என்பதை 1977இல் டாபர்ட், கோபிள் என்ற இருவர் சில அமெரிக்க மீன்களிலும் இதே ஜிலேபியிலும் காட்டினார்கள். பிறந்த தேதியை யாரும் குறித்து வைக்காத ஏரிக் குஞ்சின் வயதைக்கூட, அந்தக் கல்லை மெல்லியதாகத் தேய்த்து வளையத்தை எண்ணி நாள் கணக்கில் சொல்லிவிட முடியும்.

பொரித்த பிறகும் குஞ்சுகள் வாய்க்குள்தான் இருக்கும். நாளுக்கு நாள் மஞ்சள் உருண்டை சுருங்கும். தாடை அசையத் தொடங்கும். மார்புத் துடுப்பு படபடக்கும். காற்றுப்பையில் காற்று நிறையும். முட்டையிட்டு ஏறத்தாழ 10 முதல் 14 நாளில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து நிமிர்ந்து நீந்தும் குஞ்சுகளைத் தாய் வாயைத் திறந்து வெளியே விடும். ஒரு தடவை விட்டால் முடிந்தது என்பதில்லை. குஞ்சுகள் தலைமாட்டிலேயே கூட்டமாக மேயும். நிழல் விழுந்தாலோ தண்ணீர் அதிர்ந்தாலோ தாய் தலையைத் தாழ்த்தி மெல்லப் பின்னோக்கி நகரும். அதுதான் அழைப்பு. குஞ்சுகள் அத்தனையும் முகத்தை நோக்கிப் பாயும், வாய் திறக்கும், உள்ளே போய்விடும். சில நொடிக்கு முன் அங்கே குஞ்சு இருந்த அடையாளமே இருக்காது.

குஞ்சுக்கு வாய் எங்கே என்று எப்படித் தெரிகிறது? இதைத் தெரிந்துகொள்ள ஐரோப்பாவில் மீன் நடத்தையை ஆராய்ந்தவர்கள் பொம்மைகளைச் செய்து பார்த்தார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த பேரன்ட்ஸ் தம்பதியர் இவ்வகை மீன்களைப் பற்றி 1950இல் வெளியிட்ட நூல் இத்துறையில் பெயர் பெற்றது. பொம்மைக்குத் தாயின் முழு உருவம் தேவைப்படவில்லை. அதில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் குஞ்சுகள் அதை நாடும். பொம்மையின் அடிப்பக்கத்தை நாடும். குழிவு ஏதாவது இருந்தால் அதற்குள் முட்டி நுழையப் பார்க்கும். கறுப்பு, கீழ்ப்பக்கம், ஓட்டை என்ற மூன்று குறிப்பை வைத்துக்கொண்டு, நெல்மணியை விட மெலிந்த ஓர் உயிர், கலங்கல் ஏரியில் தன் தாயின் வாயைக் கண்டுபிடித்துவிடுகிறது. இந்தச் சுருக்கம்தான் என்னை இந்த மீனிடம் கட்டிப் போட்டது.

மூன்று வாரத்தில் அழைப்புக்கு மதிப்புக் குறைகிறது. குஞ்சுகள் திரும்பி வருவதில்லை, தாயும் தேடுவதில்லை, அது இரை தின்னப் போய்விடுகிறது. குஞ்சுகள் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் கூடுகின்றன. வெயிலில் அந்தத் தண்ணீர் காலை வைத்தால் சுடும். பெரிய மீன்கள் அங்கே வருவதில்லை என்பதே அதன் சிறப்பு. வெள்ளி மினுங்கும் உடம்பு, குறுக்கே ஆறேழு மங்கலான பட்டை, முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு கறுப்புப் பொட்டு. இந்தப் பொட்டு இளமையின் அடையாளம். வளர்ந்த பின் மறைந்துவிடும். படித்துறையில் நின்று பொரி போடும்போது கடைசிப் படியில் மொய்க்கும் பொடிமீன்களில் அந்தப் பொட்டைத் தேடிப் பாருங்கள். இருந்தால் அது ஜிலேபி வகைக் குஞ்சு.

இந்த வயதுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. இரை எடுக்கத் தொடங்கும் அந்த வாரங்களில் குஞ்சின் உடம்பில் ஆண், பெண் என்ற நிலை இன்னும் உறுதிப்பட்டிருக்காது. வளர்ப்புப் பண்ணைக்காரர்கள் பிடித்துக்கொண்ட இடம் இதுதான். ஜிலேபியின் உறவான நைல் திலேப்பியாவின் குஞ்சுக்கு மூன்று நான்கு வாரம் தீவனத்தில் ஆண் ஹார்மோன் கலந்து கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லாமே ஆணாக வளரும். கிஃப்ட் திலேப்பியா என்று இன்று பண்ணைக் குட்டைகளில் வளர்க்கப்படுவது இந்த நைல் இனத்தைத் தேர்ந்து மேம்படுத்திய வகை. பெண் இல்லாத குட்டையில் குழி வெட்டினாலும் குஞ்சு வராது, தின்றதெல்லாம் சதையாகும். ஏரியில் இருக்கும் பழைய ஜிலேபிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அது இங்கே வந்த வரலாறும் சுவையானது. ஜெர்மானிய விலங்கியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் மொசாம்பிக்கிலிருந்து கொண்டுவந்த மீனை வைத்து 1852இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். 1930களின் இறுதியில் இந்தோனேசியாவின் ஜாவா தீவில் ஒரு கழிமுகத்தில் இது தென்பட்டது. ஆப்பிரிக்க மீன் அங்கே வந்த வழி இன்றுவரை தெளிவில்லை. கண்டெடுத்து வளர்த்த முஜாயிர் என்பவரின் பெயரையே அந்நாட்டார் மீனுக்கு வைத்துவிட்டார்கள். அங்கிருந்து தென்கிழக்காசியா முழுவதும் பரவி, அறிமுகமாகி நூறு ஆண்டு கழித்து 1952இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. தாய்லாந்திலிருந்து மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மலிவான புரதம் வேண்டியிருந்த காலம் அது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. இலங்கையின் குளங்களில் இந்த இனம் உள்நாட்டு மீன்பிடித்தலுக்கே முதுகெலும்பாயிற்று. இந்தியாவிலோ சில ஆண்டிலேயே மனம் மாறிவிட்டது. இதை மேலும் பரப்பக் கூடாது என்று 1959இல் மீன்வள ஆராய்ச்சிக் குழு முடிவெடுத்தது. அதற்குள் தென்னாட்டுக் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் அது குழி வெட்டத் தொடங்கியிருந்தது.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் இங்கே நினைக்க வேண்டும். ரோகு, கட்லா, மிர்கால் மூன்றும் தேங்கிய தண்ணீரில் முட்டை இடா. வெள்ளம் புரளும் ஆறு வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இத்தகைய கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த மீன்களுக்கு ஊசியும் பொரிப்பகமும் ஆண்டுதோறும் குஞ்சு கொண்டுவந்து விடும் லாரியும் வேண்டும். ஜிலேபிக்கு ஒரு முழம் சேறு போதும்.

இனி அந்த நேர்த்தியே எப்படிக் கேடாகிறது என்று பார்க்கலாம். ஏரி சுருங்கிக் கூட்டம் நெருங்கினால் மற்ற மீன் தவிக்கும். ஜிலேபி விரலளவிலேயே, இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டைக்கு வந்துவிடும். தண்ணீர் மடை வழியே அடுத்த ஏரிக்குப் பாயும்போது ஒரு தாய் போனால் நூற்றுக்கணக்கான குஞ்சும் வாயில் கூடவே போகும். வலையில் சிக்கிய தாய் பயத்தில் வாயைத் திறந்து துப்பிவிடும். தாய் கூடைக்குப் போகும், நீந்தத் தெரிந்த குஞ்சு ஏரியில் தங்கும். குழி வெட்டப்படும் இடத்தில் நீர்ச்செடி பிடுங்கப்படும். அந்தச் செடியில்தான் நம் சிறு கெண்டைகள் முட்டை ஒட்டும். கிடைத்தால் பிற மீனின் முட்டையையும் குஞ்சையும் ஜிலேபி விடாது. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் இடம் கிடைத்ததற்குக் காரணங்கள் இவைதாம். விந்தை என்னவென்றால், தன் தாய்மண்ணான ஆப்பிரிக்காவிலேயே இது இன்று அழிவை நோக்கிப் போகும் இனம். அங்கே புகுத்தப்பட்ட நைல் திலேப்பியா இதனோடு கலந்து இதன் தூய வம்சத்தைக் குலைத்துவருகிறது.

குஞ்சைக் காக்கும் மீன் நமக்குப் புதிதல்ல. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கும் விராலை ஏரிக்கரை ஊர்க்காரர் எல்லோரும் அறிவார்கள். ஆனால் விரால் நின்று காக்கிறது. ஜிலேபி எடுத்துக்கொண்டு ஓடுகிறது. நிலையாக ஓடும் ஆறு இல்லாத, நிரம்புவதும் வற்றுவதுமான நம் ஏரிகளுக்கு இரண்டாவது உத்தியே பொருந்திவிட்டது. அதனால் என் தீர்ப்பு இதுதான்: இந்த மீனின் அழகு ஒன்று, தீமை வேறொன்று என்று பிரிக்க முடியாது. எந்தத் தாய்மையை வியக்கிறோமோ அதுவே நம் அயிரைக்கும் கெளுத்திக்கும் இடமில்லாமல் செய்கிறது. வியப்பதில் தவறில்லை, இதற்கு உதவி செய்வதுதான் தவறு.

கார்த்திகை தீபம் முடிந்து திருவண்ணாமலை ஐயங்குளத்தில் மூன்று நாள் தெப்பம் பார்க்க வருபவர்களுக்கும், கிரிவலம் முடித்துக் குளக்கரையில் உட்காருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மீனுக்கு உயிர்ப்பிச்சை என்று சந்தையில் வாங்கிய உயிர்மீனைக் குளத்தில் விடாதீர்கள். வீட்டுத் தொட்டி மீனையும் ஏரியில் கொட்டாதீர்கள். ஓர் ஏரியில் பிடித்த பொடிமீனை வாளியில் எடுத்துப்போய் இன்னோர் ஏரியில் விடாதீர்கள். ஜிலேபியை வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். ஏரிக்கும் அது நல்லது.